உப்புப் பார்க்காத கறிமிளகாய்

ஆறு கறிமிளகாய் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு பராசக்தி நிமிர்ந்தபோது, வீட்டுக்குள் கேட்டுக்கொண்டிருந்த பதிகம் சட்டென்று நின்றது. விடிந்ததிலிருந்து ஓயாமல் கேட்ட குரல் அது. மிளகாய்ப் பாத்திக்கு நடுவில் அசையாமல் நின்று காது கொடுத்தாள். செம்பு நகரும் சத்தம் கேட்டது, ஒரு செருமல் கேட்டது, பிறகு விட்ட இடத்திலிருந்து பதிகம் மறுபடி தொடங்கியது. அத்தான் தண்ணீர் குடித்திருக்கிறார், வேறொன்றுமில்லை. மனிதனுக்குத் தொண்டை வறண்டால் பாட்டை நிறுத்தத்தானே வேண்டும் என்று தன்னையே கடிந்துகொண்டு வேலிப் படலைப் பக்கம் நடந்தாள்.

உள்ளே பாயில் கிடந்தவர் அவளுடைய புருஷன் தம்பிராசா. அறுபத்திரண்டு வயது. புகையிலைத் தோட்டக்காரர். தலையிடி என்று ஒருநாள் படுத்தறியாதவர், ஒரு மாதத்துக்கு முந்தி நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார், அதோடு எழும்பவில்லை. தலைமாட்டில் இருந்து பாடியவர் அவருடைய தமையன் ஆழ்வாப்பிள்ளை, அவளுக்கு அத்தான் முறை. மலாயாவில் ரெயில்வேக் கந்தோரில் இருபத்தெட்டு வருஷம் கிளாக்கர் வேலை பார்த்துவிட்டுப் பென்சனோடும் உருத்திராட்சத்தோடும் ஊர் திரும்பியவர். வரும் வழியில் காசிக்கும் போய், ஒரு செம்பில் கங்கைத் தண்ணீர் பிடித்து, வாயை ஈயத்தால் அடைத்துக் கொண்டுவந்திருந்தார். அந்தச் செம்பு இப்போது தம்பியின் தலைமாட்டில் இருந்தது.

நேற்றுப் பின்னேரம் பரியாரியார் வந்து நாடி பிடித்தார். பிடித்த கையைப் பூப்போலப் பாயில் வைத்தார். வெளியே வந்து, மடித்த வெற்றிலையை வாயில் போடாமலே சொன்னார்:

"இனிப் பத்தியம் ஒண்டும் வேண்டாம் பிள்ளை. கேட்டதைக் குடுங்கோ."

பரியாரியார் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தால் தந்தி அடிக்க வேண்டியதுதான் என்பது ஊரறிந்த சங்கதி. ஆழ்வாப்பிள்ளை சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு கொடிகாமம் தபாற்கந்தோருக்கு நடந்துபோய், கொழும்பில் வேலைபார்க்கும் பெறாமகன், அதாவது தம்பியின் மகன் பரமலிங்கத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தார். வந்ததும் தம்பியின் காதுக்குக் கிட்டக் குனிந்து, கங்கைத் தண்ணீர் தரட்டுமா என்று கேட்டார். கேட்டதைக் கொடுப்பதென்பதை அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

"பேந்து பாப்பம் அண்ணை" என்று தள்ளிப்போட்டார் தம்பிராசா.

பிறகும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு முறையும் அதே பதில்தான் வந்தது. ஈயம் வைத்த செம்பு வைத்தபடியே இருந்தது.

தம்பிராசா கேட்டது வேறு. இன்று விடிய முந்தி ஆழ்வாப்பிள்ளை முகம் கழுவ எழுந்துபோன சிறுநேரத்தில் அவர் கண் விழித்தார். பராசக்தி துணியை நனைத்து அவர் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்து, கூட்டாளியிடம் களவாகக் கதைப்பது போல் மெல்லச் சொன்னார்:

"இஞ்சாரும். இறால் வைச்சுக் கறிமிளகாய் சுட்டுத் தாறீரோ?"

பராசக்திக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியபோது கையிலிருந்த துணியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முப்பத்துநாலு வருஷத்தில் அவர் அவளிடம் அப்படி ஒன்று கேட்டதேயில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. அவள் கரவெட்டியில் சுத்த சைவக் குடும்பத்தில் பிறந்தவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கே அவளுடைய தகப்பன் ஒரு சொல் வாங்கினார்: தன் மகள் புழங்கும் அடுப்பில் மீன், இறைச்சி என்று எந்த மச்சச் சட்டியும் ஏறக்கூடாது. தம்பிராசா ஓம் என்றார். இறால் இல்லாமல் ஒரு கிழமை தள்ள மாட்டாத மனிதர், எப்படித்தான் அவ்வளவு சுளுவாக ஓமென்றாரோ தெரியாது. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஆசை வந்தால் வீட்டு வளவின் மூலையில் இருந்த புகையிலைக் குடிலுக்குப் போய்விடுவார். வெட்டிய புகையிலையைத் தூக்கிக் கட்டித் தேங்காய்ப் பொச்சு எரித்துப் புகை போடுவதற்கென்று மண்சுவரும் பனையோலைக் கூரையுமாகக் கட்டிய சின்னக் குடில் அது. அதன் வாசலில் அவரே சமைத்து, அங்கேயே குந்தியிருந்து தின்று, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, கிணற்றில் தோய்ந்து, வாய் கொப்பளித்து, வெற்றிலையும் போட்டுக்கொண்டுதான் வீட்டுப் படியேறுவார். பராசக்தி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, சுளிக்க அவர் இடம் வைத்ததுமில்லை.

அவர் கறிமிளகாய் சுடுகிற விதம் முழுவதும் அவளுக்குக் கண்பாடம். கிணற்றடியில் பாத்திரம் விளக்குகிற சாட்டில் முப்பத்துநாலு வருஷம் பார்த்திருக்கிறாள். இறாலைத் துண்டாக்கித் துருவிய தேங்காய்ப்பூவும் வெங்காயமும் மிளகாய்த்தூளும் கொஞ்சம் புளியும் சேர்த்துச் சின்னச் சட்டியில் பிரட்டுவார். விரல் நீளத்தில் வெளிர்பச்சையாக இருக்கும் கறிமிளகாயை ஒருபக்கம் மட்டும் கீறி, விதையை வழித்தெடுத்து, பிரட்டியதை உள்ளே அடைத்து, வாழைநாரால் ஒரு சுற்றுச் சுற்றுவார். ஊமல் தணல், அதாவது கிழங்கு எடுத்த பிறகு காயவிட்ட பனங்கொட்டை எரிந்த தணல்தான் அதற்குச் சரி என்பார். இரண்டு கல்லின் மேல் பச்சைப் பூவரசங் கம்புகளை நெருக்கமாக அடுக்கி, அதன்மேல் மிளகாய்களை வரிசையாக வைத்து, தணலில் ஈரப்பொச்சு இரண்டு கிள்ளிப் போட்டுப் புகையை எழுப்பிவிடுவார். தோல் கொப்பளித்து வியர்க்கத் தொடங்கினால் புரட்டுவார். எல்லாம் அவளுக்குத் தெரியும். உப்பு எத்தனை நுள்ளு என்பது மட்டும் கிணற்றடியிலிருந்து தெரிவதில்லை.

கேட்டுவிட்டார். இனி அவர் கேட்பதற்கு வேறொன்றும் இருக்கப்போவதில்லை. அது அவர் வாய்க்குப் பிடித்த மாதிரி அமைய வேண்டும், அதுவும் இன்றைக்கே, அவர் விழுங்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே. அவளுக்கு இருந்த கவலை அவ்வளவுதான்.

இடைஞ்சல் என்று பார்த்தால் அன்று வெள்ளிக்கிழமை. அதைவிடப் பெரிய இடைஞ்சல் அத்தான். வந்த முதல்நாளே அவர் சொல்லிவிட்டார், உயிர் பிரியும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும், நாக்கு அடங்கினால்தான் நல்ல கதி கிடைக்கும் என்று. தம்பியை நல்லபடி அனுப்பிவைக்க வேண்டுமென்று இராப்பகல் பாராமல் தலைமாட்டில் இருக்கிற மனிதர். அவர் முகத்துக்கு நேரே இறால் என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. சொல்லாமல் செய்வதென்று முடிவெடுத்தாள். நல்லவேளையாகக் குடிலில் புகையிலை தொங்கிக்கொண்டிருந்தது. இந்த வருஷம் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வெட்டிக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், புகை போடுகிற வேலை மட்டும் அவளுடையது. புகைகிற குடிலிலிருந்து இன்னும் கொஞ்சம் புகை வந்தால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்?

படலையடியில் அவள் காத்துநின்ற ஆள் சிறிது நேரத்தில் தலையில் கடகத்தோடு வந்தாள். கச்சாய்ப் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பெர்னடெட். வழக்கமாகத் தம்பிராசாதான் இந்தப் படலையில் அவளை மறிப்பார். பராசக்தியைக் கண்டதும் அவள் முகம் கறுத்துவிட்டது, ஐயா போய்விட்டார் என்றே நினைத்துவிட்டாள். இல்லை என்று பராசக்தி சொல்லி, இறால் இருக்கிறதா என்று கேட்டபோது, சுமையை இறக்கி வைத்துவிட்டு அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ அம்மா?"

"அவருக்குத்தான். அவர் கேட்டவர்."

பெர்னடெட் கடகத்தைத் திரும்பத் தூக்கினாள். வேலிக்கரையால் சுற்றிக் குடிலின் பின்பக்கம் வந்தாள். பராசக்திக்கு இறாலின் தலை எது வால் எது என்றே தெரியாது என்பதை அவளே விளங்கிக்கொண்டு, தானே குந்தியிருந்து கோது கழற்றி, முதுகில் ஓடுகிற கறுத்த நரம்பை இழுத்தெடுத்து, கழுவித் துண்டாக்கிச் சட்டியில் போட்டுக் கொடுத்தாள். அதுவரைக்கும் பராசக்தி மூச்சை அடக்கிக்கொண்டு பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மனத்திலிருந்ததைக் கேட்டாள், உப்பு எவ்வளவு போடுவது என்று.

"மாரி இறாலெண்டால் யோசியாமல் போடலாம். இது பங்குனி. களப்பு வத்திக் கிடக்கு, இறாலே உப்புக் கரிக்கும். நாக்கிலை வைச்சுப் பாத்துப் போடுங்கோ."

"நான் நாக்கிலை வைக்க மாட்டன்."

அப்படியென்றால் குறைத்துப் போடுவதுதான் நல்லது, கூடினால் எடுக்க ஏலாது என்றாள் பெர்னடெட். நின்று பார்த்துக் கொடுக்க அவளுக்கும் ஆசைதான், ஆனால் வெயில் ஏறினால் கடகத்திலுள்ளது பழுதாகிப்போகும். போகும்போது சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

பராசக்தி பிரட்டத் தொடங்கினாள். கண்பாடம் கைக்கு வந்தது. வெங்காயம் வதங்க வேண்டிய நேரத்தில் வதங்கியது, தேங்காய்ப்பூ பொன்னிறமானது. மிளகாய்த்தூளை அவர் போடுகிற மாதிரியே உள்ளங்கையில் கொட்டி அளந்து போட்டாள். உப்புச் சிரட்டைக்கு முன்னால் மட்டும் கை நின்றது. சட்டியில் இருப்பதன் மணம் அவளுக்குப் புதிது. அதில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று மூக்கால் பிடிக்கப் பார்த்தாள். முப்பத்துநாலு வருஷம் மரக்கறிக் குழம்பில் கண்ணை மூடிக்கொண்டு உப்புப் போட்ட கை, இன்றைக்குப் புதுப்பெண்ணின் கைபோலத் தடுமாறியது. ஒரு நுள்ளு போட்டாள். இன்னொன்று எடுத்தாள். பெர்னடெட் சொன்னது ஞாபகம் வந்தது. எடுத்ததைத் திருப்பிச் சிரட்டையில் போட்டாள்.

பூவரசங் கம்பின்மேல் ஆறு மிளகாயும் வரிசையாகக் கிடந்தன. புகை எழும்பி அவற்றை மூடியது, விலகியது. அவர் குந்தியிருக்கும் அதே இடத்தில்தான் அவளும் குந்தியிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கிணற்றடி மிக வடிவாகத் தெரிகிறது என்பதை அன்றுதான் கண்டாள். பாத்திரம் விளக்குகிற கல், துலாவின் நிழல், அவள் வழக்கமாகக் குனிந்திருக்கும் இடம் எல்லாமே தெரிந்தன. தான் பார்ப்பது அவருக்குத் தெரியாதென்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாளே. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மிளகாய் வியர்த்துக் கொப்பளித்தது. புரட்டினாள். சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆழ்வாப்பிள்ளை தோய்வதற்காகத் துவாயோடு கிணற்றடிக்குப் போவதைக் கண்டாள். அவர் தோய்ந்தால் அரை மணித்தியாலம். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு மந்திரம் இருக்கிறது. பராசக்தி ஒரு மிளகாயை வாழையிலைத் துண்டில் பொத்தி எடுத்துக்கொண்டு, கோடிப்பக்கத்துப் பின்கதவால் வீட்டுக்குள் நுழைந்தாள். முதன்முதலாக இறால் அந்தப் படியேறியது.

தம்பிராசா மணத்திலேயே கண் திறந்துவிட்டார்.

"சுட்டிட்டீரோ?"

"ஓம். கெதியாச் சாப்பிடுங்கோ. அத்தான் வரப்போறார்."

தலையை மடியில் தூக்கி வைத்து, நாரை அவிழ்த்து, சதையை விரலால் மசித்து, நகத்தளவு எடுத்து அவர் வாயில் வைத்தாள். அவர் அதை நாக்கால் அங்குமிங்கும் உருட்டினார். பல் போன வாய், ஆறுதலாகத்தான் போயிற்று. தொண்டைக்குழி ஏறி இறங்கும் வரை அவள் மூச்சு விடவில்லை. இறங்கியது. அடுத்ததற்கு அவர் வாயைத் திறந்தார். மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணீரைக் கடைவாயால் வழியவிட்ட மனிதர், காம்பு மட்டும் மிஞ்சும் வரைக்கும் ஒரு முழு மிளகாயையும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, வழக்கமாக வெற்றிலைக்குக் கை நீட்டுகிற மாதிரி கையைக் கொஞ்சம் அசைத்தார்.

"எப்பிடி?" என்று கேட்டாள். கேட்காமலே விட்டிருக்கலாம், ஆனால் அவளால் முடியவில்லை.

"புகை நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார். "உறைப்பும் காணும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "உப்புக் காணாது."

சாகக்கிடக்கிற மனிதன் உப்புக் குறைவென்று சொல்லாமல், பொய்க்காவது நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்துநாலு வருஷத்தில் அவளுடைய கத்தரிக்காய்க் குழம்புக்கே ஒரு பொய் சொல்லாதவர், இன்றைக்கா தொடங்கப்போகிறார்? பராசக்திக்குக் கோபம் வரவில்லை. எதிலோ பிடி கிடைத்தது போல இருந்தது. இன்னும் அவர் அவர்தான்.

"அடுத்தமுறை பாத்துப் போடுறன்" என்றாள்.

"ஓம்" என்றார் தம்பிராசா, மிகவும் திருப்தியாக.

வாசலில் நிழல் விழுந்தது. ஆழ்வாப்பிள்ளை ஈரத் துவாயோடு நின்றார். அன்றைக்கென்று பார்த்து மந்திரங்கள் சுருங்கிவிட்டன போலும். வாழையிலையைச் சேலைக்குள் மறைக்க அவளுக்கு நேரம் கிடைத்தது, மணத்தை மறைக்கத்தான் வழியில்லை. ஊமல் புகையும் இறாலும் அந்த அறை முழுக்க நிறைந்திருந்தன. ஆழ்வாப்பிள்ளையின் மூக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியது. அவர் அவளைப் பார்க்கவில்லை. நேரே வந்து தம்பியின் பக்கத்தில் குந்தினார். தம்பியின் கடைவாயில் சிவப்பாக எண்ணெய் கசிந்திருந்தது. துவாயின் நுனியை எடுத்து அதை ஒற்றித் துடைத்தார், ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. பிறகு திருநீற்றை எடுத்து நெற்றி நிறையப் பூசிவிட்டார்.

"அண்ணை" என்றார் தம்பிராசா.

"சொல்லு தம்பி."

"விடாய்க்குது. உந்தக் கங்கைத் தண்ணியைத் தாங்கோ."

ஆழ்வாப்பிள்ளை செம்பை எடுத்து மடியில் வைத்தார். பாக்குவெட்டியால் ஈயத்தைக் கெந்தித் திறப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. காசியிலிருந்து வந்த தண்ணீரைத் தம்பிராசா மூன்று மிடறு ஆசையாகக் குடித்தார். உறைப்புக்குத்தான் குடிக்கிறார் என்பது அறையில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டார். பதிகம் மறுபடி தொடங்கியது, முன்னைவிட மெதுவாக.

பின்னேரக் கோச்சி கொடிகாமம் ஸ்டேசனில் கூவியபோது பராசக்தி விசிறிக்கொண்டிருந்தாள். மூச்சுக்கு மூச்சு இடைவெளி கூடிக்கொண்டு வந்தது. ஒரு இடைவெளிக்குப் பிறகு மூச்சு வரவில்லை. வருமென்று அவள் இன்னும் கொஞ்ச நேரம் விசிறினாள். ஆழ்வாப்பிள்ளை எழும்பி அவள் கையிலிருந்து விசிறியை வாங்கி வைத்தார்.

மறுநாட் காலைக் கோச்சியில் பரமலிங்கம் வந்தான். பறைமேளம் வந்தது, பந்தல் எழும்பியது, சனம் நிறைந்தது. செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆழ்வாப்பிள்ளையிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், எப்படிப் போனார் என்று. அவர் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "தானாக் கேட்டு வாங்கிக் கங்கைத் தண்ணி குடிச்சிட்டுப் போனவன். ஆருக்குக் கிடைக்கும் அந்தப் பேறு?" சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பத்தாவது ஆளுக்கோ பதினோராவது ஆளுக்கோ சொல்லிக்கொண்டிருந்தபோது கண்ணைத் திருப்பிப் பெண்கள் நடுவில் இருந்த பராசக்தியை ஒரு கணம் பார்த்தார். அவள் சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்து இன்னும் உரத்து அழுதார்கள். பிறகு அவளும் அழுதாள்தான்.

வாய்க்கரிசி போடும் முறை வந்தபோது, அந்த உதட்டருகே விரல்களைக் கொண்டுபோய், எல்லோரையும்விடக் கொஞ்சம் கூடுதலான நேரம் வைத்திருந்தாள். படலை வரைக்கும் பின்னால் போனாள். பறைச் சத்தம் சுடலைப் பக்கம் தேய்ந்து போகும்வரை அங்கேயே நின்றாள்.

கொள்ளி வைத்துவிட்டு வந்த பரமலிங்கம் தோய்ந்துவிட்டு, குடிலில் புகை அணைந்திருக்கும், பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனான். போனவனை நெடுநேரம் காணவில்லை. வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. புகை என்று சொல்லியிருப்பான், ஆனால் குடிலில் புகை நேற்றே அடங்கிவிட்டது.

"அம்மா, கம்பிலை கறிமிளகாய் கிடந்தது. ஐஞ்சு. அப்பா எப்ப சுட்டவர்?"

பராசக்தி அதை மறந்தே போயிருந்தாள். "நான்தான் சுட்டனான்."

பரமலிங்கம் அவளைப் பார்த்த பார்வை, படலையில் பெர்னடெட் பார்த்த அதே பார்வை.

"எல்லாத்தையும் திண்டிட்டியோ?"

அவன் தலையைக் குனிந்தான். சாவுத் துடக்குள்ள வீட்டில் மச்சம் தின்ற பாவம் அவன் முகத்தில் எழுதியிருந்தது. அவள் நடந்ததை அவனுக்குச் சொன்னாள். அப்பா கடைசியாகத் தன்னோடு கதைத்தது உப்புப் பற்றித்தான் என்பதையும் சொன்னாள். அவன் சிரித்தான், சிரித்துக்கொண்டே முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். அது முடியும்வரை அவள் பொறுத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"உண்மையைச் சொல்லு. உப்பு எப்பிடி?"

"சரியா இருந்ததம்மா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். நல்ல பிள்ளை. தாயின் மனம் நோகக்கூடாதென்று பார்க்கிற பிள்ளை. உப்பைப் பற்றி அவளுக்கு உண்மை சொல்லக்கூடிய ஒரே ஆள் போய்விட்டாரே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. செத்தவீடு நடந்த இரண்டு நாளிலும் வராத ஒரு தவிப்பு அந்த இடத்தில் வந்தது.

எட்டாம் நாள் படையலில் இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் வைக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் அது வெள்ளிக்கிழமையில் விழுந்தது. ஆழ்வாப்பிள்ளை பஞ்சாங்கத்தை மடியில் வைத்து நெடுநேரம் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார்:

"வெள்ளியிலை வைச்சால் மரக்கறிதான் படைக்க வேணும். ஒருநாள் முந்தி வியாழனிலை வைப்பம்."

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மலாயாவில் இருந்து வந்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமென்று விட்டுவிட்டார்கள்.

வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு பெர்னடெட் கூப்பிடாமலே வந்து, இறாலைக் கோது கழற்றித் துண்டாக்கி வைத்துவிட்டு, மேலே ஒரு பூவரசிலையும் மூடிவிட்டுப் போனாள். மச்சச் சமையலுக்கென்று உதவிக்கு வந்திருந்த ஒன்றுவிட்ட மச்சாள் மகாதேவி, உனக்கேன் இந்தப் பாடு, விடு நான் செய்கிறேன் என்று சட்டிக்குக் கை நீட்டினாள். அவள் கைப்பக்குவம் ஊரில் பேர்போனது. பராசக்தி சட்டியை விடவில்லை. மற்ற எல்லாக் கறியையும் நீங்கள் பாருங்கள், இது ஒன்றை நான் பார்க்கிறேன் என்று சொல்லிக் குடிலடிக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

தணல் மூட்டிக்கொண்டிருந்தபோது ஆழ்வாப்பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். அடுக்கியிருந்த கம்புகளைப் பார்த்தார். அதில் ஒன்றைக் குனிந்து மற்றதோடு இன்னும் நெருக்கி வைத்தார், தானும் சின்ன வயதில் இதே கம்படியில் குந்தியிருந்தவன் என்பதை வேறெப்படியும் சொல்ல அவருக்குத் தெரியாது.

"எத்தினை சுடுறாய் பிள்ளை?"

"நாலு, அத்தான்."

"கூட ரண்டு சுடு. அவன் நாலோடை எழும்ப மாட்டான்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பராசக்தி பாத்திக்குப் போய் இன்னும் இரண்டு கறிமிளகாய் பிடுங்கிக்கொண்டு வந்தாள்.

வெங்காயம் வதங்கியது. தேங்காய்ப்பூ பொன்னிறமானது. மிளகாய்த்தூளை உள்ளங்கையில் கொட்டி அளந்து போட்டாள். அன்றைக்குப் போட்டது போலவே ஒரு நுள்ளு உப்புத்தான் போட்டாள், கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பிரட்டி இறக்கிச் சட்டியைக் கல்லின்மேல் வைத்தாள். வீட்டுப்பக்கம் பெண்களின் பேச்சும் தேங்காய் துருவும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. கிணற்றடியில் ஒருவருமில்லை.

அவள் சுண்டுவிரலால் சட்டியின் ஓரத்தைத் தொட்டு, நாக்கில் வைத்தாள்.

புகை அவள் பக்கம் திரும்பியது, அவள் விலகவில்லை. பிறகு உப்புச் சிரட்டையைக் கிட்ட இழுத்து, ஒரு நுள்ளு எடுத்துச் சட்டியில் போட்டாள். அகப்பையால் கிளறினாள். யோசித்துப் பார்த்து, இன்னும் அரை நுள்ளு போட்டாள்.